சுன்னாகம் சந்தையும் கைத்தொலைபேசிச் சந்தையும்

உடுவில் பகுதியில் தோட்டம் செய்வோருக்கும் வீட்டிலிருந்து உற்பத்தி செய்வோருக்கும் சந்தை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சுன்னாகம். அடுத்தது மருதனார்மடம். எமது செம்மண்ணில் விளையும் வெங்காயம், உருளைக்கிழங்கு, கோவா, பீற்றூட், வாழைக்குலை என்பனவெல்லாம் காலையிலேயே அங்கு போய்ச் சேர்ந்துவிடுகின்றன. வாங்குபவரும் விற்பவரும் நேருக்கு நேர் நின்று விலை பேசுகின்றனர். பேசிய விலைக்குக் காசு கைக்கு வருகிறது. எமது பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து வரும் முறை இது.

இந்தச் சந்தைகளுக்குப் பக்கத்தில் அண்மைக் காலத்தில் இன்னொரு சந்தையும் வந்திருக்கிறது. அதற்குக் கூரை இல்லை, தராசும் இல்லை. கைத்தொலைபேசியின் திரையில் பொருளின் படத்தைப் பார்த்து ஒருவர் கேட்கிறார். முன்பின் தெரியாத இன்னொருவர் பொதி செய்து அனுப்புகிறார். இக்மன், டராஸ், கப்ருக போன்ற இணையச் சந்தைகளும், முகநூல், வட்ஸ்அப் ஆகியவற்றில் நடக்கும் வியாபாரமும் இப்போது கிராமங்களுக்கும் வந்துவிட்டன.

2022ஆம் ஆண்டு நாடு கண்ட பொருளாதார நெருக்கடியின்போது, "இணையத்தில் விற்றுப் பிழைத்துக்கொள்ளுங்கள்" என்ற ஆலோசனை எமது பெண்கள் பலருக்கும் வழங்கப்பட்டது. அந்த ஆலோசனை எவ்வளவு தூரம் சரியானது? இந்தப் புதிய சந்தை சிறு உற்பத்தியாளருக்கு எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது? நெருக்கடியின் உச்சம் தணிந்த பின்னர் நிதானமாக இருந்து இதை ஆராய்வது பயன் தரும். ஏனெனில் இன்னொரு நெருக்கடி வராது என்று எவரும் உறுதி கூற முடியாது.

இரண்டு வகைத் தட்டுப்பாடு

எமது மக்களுக்கு நெருக்கடி புதியதல்ல. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் குடாநாட்டுக்குள் பொருட்களைக் கொண்டுவருவதற்குத் தடைகள் விதிக்கப்பட்டன. மின்சாரம் இல்லை. பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கப்பட்டது. மோட்டார் சைக்கிளைச் சிறிதளவு பெற்றோலில் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் வைத்த சிறு விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சவர்க்காரம் முதல் பலவற்றை ஊரிலேயே செய்து பார்த்தார்கள். அன்று பாதை அடைபட்டிருந்தது. பொருளைச் செய்தவருக்கு ஊருக்குள்ளே வாங்குவதற்கு ஆள் இருந்தது. ஊருக்கு வெளியே அனுப்புவதுதான் முடியாத காரியமாக இருந்தது.

2022இல் நிலைமை நேர்மாறு. பாதை திறந்திருந்தது. பணத்தின் பெறுமதிதான் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஓராண்டு விலையேற்றம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 வீதம். ஒரு வருடத்துக்கு முன் 1,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருட்களுக்கு ஏறக்குறைய 1,950 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது.

தோட்டக்காரருக்கு அடி இன்னும் முன்பே விழுந்துவிட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது ஒரு போகம் பாதிக்கப்பட்டிருந்தது. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கிணற்று நீரை மண்ணெண்ணெய் இயந்திரத்தால் இறைக்கும் எமது தோட்டங்களில் இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

இத்தகைய நேரத்தில் ஊரிலுள்ள வாடிக்கையாளரின் கையிலும் காசு இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அரைக் கிலோ மிளகாய்த்தூளுக்குப் பதிலாகக் கால் கிலோ வாங்குகிறார். ஆகவே சிறு உற்பத்தியாளரின் முதற் கேள்வி, "என்னத்தைச் செய்வது?" என்பதாக இருக்கவில்லை. "வாங்குவதற்குப் பலமுள்ளவர் எங்கே இருக்கிறார்?" என்பதாகவே இருந்தது.

இணையச் சந்தை செய்யும் வேலை

இந்தக் கேள்விக்குத்தான் இணையச் சந்தையிடம் ஒரு விடை உண்டு. ரூபா விழுந்தபோது, டொலரிலும் பவுணிலும் சம்பளம் பெறும் எமது உறவினர்களுக்கு இலங்கைப் பொருள் மலிந்தது. முன்பு 100 டொலருக்குக் கிடைத்த 20,000 ரூபா, 36,000 ரூபாவாயிற்று. இலங்கையில் விலைகள் ஏறியபோதும், வெளிநாட்டிலிருந்து வாங்குபவருக்கு அந்த ஏற்றம் ஊரிலிருப்பவருக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியவில்லை. தாய் தகப்பனுக்கும் சகோதரங்களுக்கும் அரிசி, பருப்பு, பலகாரம் முதலியவற்றை வெளிநாட்டிலிருந்தபடியே வாங்கி இங்கு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கச் செய்யும் வழக்கம் கப்ருக போன்ற தளங்களால் ஏற்கெனவே ஏற்பட்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. காசு கடல் கடந்து வருகிறது. பொருளோ சுன்னாகத்திலிருந்து கோண்டாவிலுக்குப் போனால் போதும். விமானச் செலவும் இல்லை, சுங்கமும் இல்லை. உடுவிலில் இடித்த தூளும், உடுவிலில் சுட்ட பலகாரமும், மானிப்பாயிலிருக்கும் ஒரு வயோதிபரின் வீட்டுக்கு, கனடாவிலிருக்கும் மகனின் காசில் போகலாம். சிறு உற்பத்தியாளர் முதலில் தேட வேண்டிய வாடிக்கையாளர் இவரே.

இரண்டாவது வாடிக்கையாளர் கொழும்பிலும் பிற நகரங்களிலும் இருப்பவர். யாழ்ப்பாணத்துச் சரக்குத்தூள், மோர்மிளகாய், வடகம், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, நல்லெண்ணெய், பனையோலைப் பெட்டி முதலியவற்றுக்கு அங்கு எப்போதும் கேள்வி உண்டு. முன்பு கொழும்புக்குப் போகும் உறவினரின் பையில் இவை போயின. இப்போது கூரியர் மூலம் போகின்றன.

மூன்றாவது நன்மை விலை பற்றிய அறிவு. ஒரே பொருளை நாட்டின் பல பாகங்களிலும் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். விலை தெரியாமல் வியாபாரியிடம் போகிறவருக்கும், விலை தெரிந்து போகிறவருக்கும் வித்தியாசம் உண்டு. இணையத்தில் ஒன்றையும் விற்காதவருக்குக்கூட இந்த நன்மை கிடைக்கிறது.

கழிவும் தரகும்

குடாநாட்டுச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு எடுக்கப்படுகிறது என்ற முறைப்பாடு விவசாயிகளிடம் நெடுங்காலமாக உண்டு. நூறு கிலோ கொண்டுபோனவருக்குத் தொண்ணூறு கிலோவுக்கே காசு. இதைக் கண்டு மனம் நொந்தவர்கள், "இணையத்தில் இடைத்தரகர் இல்லை" என்று கேள்விப்பட்டு மகிழ்கிறார்கள். அது சரியன்று. இணையச் சந்தையும் ஒரு தரகர்தான். விற்பனை நடந்தால் தரகு எடுக்கும். அல்லது விளம்பரத்துக்குக் காசு கேட்கும்.

சீனாவின் அனுபவம் இதைக் காட்டுகிறது. 2003 மே மாதத்தில், சார்ஸ் நோய் காரணமாக மக்கள் வீட்டைவிட்டு வெளியே வரப் பயந்திருந்த காலத்தில், அலிபாபா நிறுவனம் தாவ்பாவ் என்ற இணையச் சந்தையைத் தொடங்கியது. சிறு விற்பனையாளர்களை ஈர்ப்பதற்காகப் பொருள் வைக்கக் கட்டணம் இல்லை என்றது. கிராமத்துக் குடும்பங்கள் உட்பட எண்ணற்றோர் அதனால் பிழைப்புக் கண்டார்கள் என்பது உண்மை. ஆனால் விற்பனையாளர் பெருகப் பெருக, தமது பொருள் முன்னே தெரிய வேண்டுமானால் விளம்பரத்துக்குச் செலவு செய்ய வேண்டிய நிலை வந்தது. அதே அலிபாபா நிறுவனமே 2018இல் டராஸை வாங்கியது. தொடக்கத்தில் இலவசமாக இருப்பது எப்போதும் இலவசமாக இருக்கும் என்று எண்ணி விலை வைக்கக் கூடாது.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. வாசகர்கள் தமது தொகைகளை இட்டுப் பார்க்கலாம்.

ஒரு பெண் சரக்குத்தூள் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைக்கற்றுக்கு மிளகாய், மல்லி முதலியவற்றுக்கு 700 ரூபா, வறுக்க விறகும் மில்லில் அரைக்கும் கூலியும் 60, பையும் லேபிளும் 40, அவருடைய கூலி 100. மொத்தம் 900 ரூபா. இணையச் சந்தையில் 1,200 ரூபாவுக்கு விற்கிறார். தரகு 10 வீதம். கூரியர் செலவு வாங்குபவருடையது. பத்துப் பைக்கற்றுக்குக் கேட்டு வருகிறது. ஒன்பது விற்கிறது. ஒன்றை வாங்குபவர் வாசலில் வைத்து, "வேண்டாம்" என்று திருப்பிவிடுகிறார். அதற்குரிய போக்குவரத்துச் செலவு 600 ரூபா இவருடைய தலையில் விழுகிறது.

வரவு 10,800. தரகு 1,080. ஒன்பது பைக்கற்றின் அடக்கவிலை 8,100. மிச்சம் 1,620. அதில் திரும்பி வந்த பொதியின் 600 ரூபாவைக் கழித்தால் இலாபம் 1,020 ரூபா. பெரிய இலாபம் இல்லையென்றாலும் நட்டமில்லை.

இனி நெருக்கடிக் காலத்தைச் சேர்ப்போம். இணையச் சந்தையிலிருந்தோ கூரியரிடமிருந்தோ காசு உடனே கைக்கு வருவதில்லை. சில நாட்களோ வாரங்களோ பிந்தும். அதற்கிடையில் மிளகாயும் மல்லியும் 30 வீதத்தால் ஏறிவிட்டன. 700 ரூபா 910 ஆகிவிட்டது. ஒரு பைக்கற்றின் அடக்கவிலை இப்போது 1,110 ரூபா. மறுபடியும் ஒன்பது பைக்கற் செய்வதற்கு 9,990 ரூபா வேண்டும். கூலியைக்கூடச் செலவழிக்காமல் அவர் கையில் வைத்திருப்பது, அடக்கவிலையும் இலாபமும் சேர்ந்து, 9,120 ரூபா. குறை 870 ரூபா.

கொப்பியில் இலாபம் இருக்கிறது. கையில் முதல் குறைந்திருக்கிறது. இந்தக் குறையை நிரப்பத்தான் பலர் நகையை அடைவு வைக்கிறார்கள், நுண்கடன் எடுக்கிறார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியதை நினைவிற்கொள்ள வேண்டும். நுண்கடன் எமது பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை வடக்கில் எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களை இரத்துச் செய்ய 2018இல் அரசே முன்வர வேண்டியிருந்தது.

ஆகவே விலையேறும் காலத்தில் வாங்கிய விலையை வைத்து விற்பனை விலையைத் தீர்மானிக்கக் கூடாது. அடுத்த முறை வாங்கப்போகும் விலையை வைத்தே தீர்மானிக்க வேண்டும். முடிந்தவரை முற்பணம் பெற்றுக்கொள்ள வேண்டும். "பொருள் கிடைத்ததும் காசு" என்ற முறையில் புதியவருக்கு அனுப்பும்போது பெரிய தொகைக்கு அனுப்பக் கூடாது.

இணையம் நின்றபோது

இணையச் சந்தை இணையத்தால் மட்டும் நடப்பதில்லை. மின்சாரம், பெற்றோல், வீதி ஆகிய மூன்றும் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மில்லும் ஓடவில்லை, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றவும் முடியவில்லை. ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பொதி எடுத்துச் செல்லும் பையன்களும் எரிபொருள் வரிசையில் நின்றார்கள். பின்னர் கியூஆர் அட்டை முறை வந்தபோதுதான் ஓரளவு ஒழுங்கு ஏற்பட்டது.

இன்னொன்றும் நடந்தது. ஏப்ரல் 3ஆம் திகதி, ஆர்ப்பாட்டங்களைத் தடுக்கும் நோக்கில் முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றை அரசு பல மணித்தியாலங்கள் முடக்கியது. அரசியலுக்காகச் செய்த காரியம், வட்ஸ்அப்பில் பலகாரத்துக்கு ஓடர் எடுக்கும் பெண்ணின் கடையையும் பூட்டியது. அவருடைய வாடிக்கையாளரின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தனவென்றால், அன்று அவரிடம் வாடிக்கையாளரே இல்லை. வாடிக்கையாளர் பட்டியலை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது பழைய முறைதான். ஆயினும் மின்வெட்டிலும் முடக்கத்திலும் அந்தக் கொப்பி திறக்கும்.

மரக்கறிக்கு ஒரு வழி

இதுவரை சொன்னதெல்லாம் உலர்ந்த, பாரமில்லாத, கெட்டுப்போகாத பொருட்களுக்கே பொருந்தும். கோவாவையும் கத்தரிக்காயையும் கூரியரில் அனுப்ப முடியாது. அப்படியானால் தோட்டக்காரருக்கு இணையத்தால் என்ன பயன்?

கிரேக்க நாட்டில் நடந்த ஒன்றை இங்கு குறிப்பிடலாம். அந்நாடு கடன் நெருக்கடியில் அகப்பட்டிருந்த காலம். நெவ்ரோகோப்பி என்ற பகுதியின் உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கு நியாயமான விலை கிடைக்கவில்லை. நகரத்துக் கடைகளிலோ விலை அதிகம். 2012 பெப்ரவரியில் கத்தரினி என்ற நகரத்துத் தொண்டர் குழு ஒன்று, விவசாயிகளிடம் பேசி விலையை முடிவுசெய்து, நகரத்துக் குடும்பங்களிடம் இணையத்தில் முன்கூட்டியே ஓடர் பெற்றது. மொத்த ஓடர் விவசாயிகளுக்கு அறிவிக்கப்பட்டது. குறித்த நாளில் லொறிகள் திறந்த வெளியொன்றுக்கு வந்தன. மக்கள் வந்து மூடைகளைப் பெற்றுக்கொண்டார்கள். விவசாயிக்குக் கிலோவுக்கு 25 சதம் அளவில் உடனடியாகக் கையில் கிடைத்தது. வாங்கியவருக்குக் கடை விலையில் பாதிக்கும் குறைவாகவே செலவு. இம்முறை பின்னர் வேறு நகரங்களுக்கும் வேறு பொருட்களுக்கும் பரவியது. மக்கள் இதனை உருளைக்கிழங்கு இயக்கம் என்றே அழைத்தார்கள்.

இதில் புதுமையான தொழில்நுட்பம் எதுவும் இல்லை. முதலில் ஓடர், பிறகு அறுவடை, அவ்வளவுதான். குப்பிழானிலும் ஏழாலையிலும் புன்னாலைக்கட்டுவனிலும் விளைவதை வாங்குவதற்கு யாழ்ப்பாண நகரத்தில் குடும்பங்கள் உண்டு. திணைக்களங்கள், வங்கிகள், பாடசாலைகள், பல்கலைக்கழகம் என ஒரே இடத்தில் பலர் வேலை செய்யும் இடங்களும் உண்டு. ஒரு வட்ஸ்அப் குழு, ஒரு சிறு லொறி, வாரத்தில் ஒரு குறித்த நாள் ஆகியவை இருந்தால் தொடங்கலாம். கழிவும் இல்லை, விற்காமல் அழுகும் மரக்கறியும் குறையும்.

தனியாகவா, கூட்டாகவா?

மேற்சொன்ன இடர்களில் பெரும்பாலானவை தனியொருவரால் தாங்க முடியாதவை. திரும்பி வந்த ஒரு பொதியின் செலவு, பத்துப் பைக்கற் விற்பவருக்குப் பெரிய அடி; பத்துப் பேர் சேர்ந்து நூறு பைக்கற் விற்றால் அது தாங்கக்கூடிய செலவு. மிளகாயைத் தனித்தனியே கிலோக் கணக்கில் வாங்காமல் மூடையாக வாங்கினால் விலை குறையும். ஒருவருக்குக் கணக்கு வரும். இன்னொருவருக்குப் படம் எடுக்க வரும். வேறொருவரின் பிள்ளைக்கு இணையச் சந்தையின் படிவங்களை நிரப்பத் தெரியும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்களும் எமது ஊர்களுக்குப் பழக்கமானவை. இந்த வேலைக்கென்று புதிதாக ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டியதில்லை.

தொடங்க விரும்பும் குழுக்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகளைத் தருகிறோம்.

1. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவுசெய்யுங்கள். உணவுப் பொருளாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலிலேயே வீட்டுக்கு அழைத்துச் சமையலிடத்தைக் காட்டி, ஆலோசனை பெறுங்கள்.

2. பைக்கற்றில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, ஆகக்கூடிய சில்லறை விலை, செய்தவரின் முகவரி என்பன தெளிவாக இருக்கட்டும். முகம் தெரியாதவரின் நம்பிக்கை அந்த லேபிளிலிருந்தே தொடங்குகிறது.

3. வங்கிக்குக் காசு போட்டதாக ஒருவர் அனுப்பும் சிட்டையின் படத்தை நம்பிப் பொதியை அனுப்பாதீர்கள். கணக்கில் காசு வந்ததைப் பார்த்த பின்னரே அனுப்புங்கள். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், எவருக்கும் சொல்லாதீர்கள்.

4. வங்கிக் கணக்கு உழைக்கும் பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும்.

5. ஒரே தளத்தை நம்பியிராதீர்கள். சுன்னாகத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பங்கை நிறுத்தாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு இணையத்துக்குப் போனால் ஆரம்பத்துக்குப் போதும்.

6. இலாபத்தில் முதலில் எடுக்க வேண்டியது அடுத்த மூலப்பொருளின் விலையேற்றத்துக்கான காசு. மிச்சம்தான் வீட்டுக்கு.

2023 செப்டெம்பரில் விலையேற்றம் 1.3 வீதத்துக்கு இறங்கியது. விலைவாசி ஏறும் வேகம்தான் குறைந்தது. ஏறிய விலைகள் பழைய நிலைக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாகியது. சம்பளமும் தோட்ட வருமானமும் அந்த அளவுக்கு உயராத குடும்பங்களுக்கு இரண்டாவது வருமானம் ஒன்று இன்றும் வேண்டியிருக்கிறது. இணையச் சந்தை அதற்கு உதவக்கூடியது. வாங்குபவரை அது வாசலுக்குக் கொண்டுவரும். முதலையும் கணக்கையும் ஒருவருக்கொருவர் தோள்கொடுப்பதையும் நாம்தான் கொண்டுவர வேண்டும்.

ஆகவே தொடங்க எண்ணுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடன் எடுத்துத் தொடங்காதீர்கள். அயலில் நாலைந்து பேராகச் சேர்ந்து, வீட்டிலுள்ள பொருளில் இருபது பைக்கற் செய்து, தெரிந்த உறவினருக்கு விற்றுப் பாருங்கள். மேலே காட்டிய கணக்கை உங்கள் தொகைகளோடு கொப்பியில் எழுதுங்கள். இரண்டாவது முறையும் அதே இருபதைச் செய்யக் கையில் காசு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இணையச் சந்தையில் உங்கள் பொருளின் முதற் படத்தைப் போடலாம்.